12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஆர்டுயினோ போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதில் சந்தேகம்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர் வால்வைத் தானாகத் திறந்து மூடுவதற்காக ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டு (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), மண் ஈரம் பார்க்கும் சென்சார், 5 வோல்ட் ரிலே (போர்டின் கட்டளைப்படி வால்வுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். வீட்டில் யூஎஸ்பி வழியாக ஓடியபோது ஒரு குறையும் இல்லை. தோப்பில், சோலார் பேனலால் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை வட்ட ஜாக்கில் இணைத்த பிறகு, நடுப்பகலில் வால்வு திறந்திருக்கும்போதே போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது. போர்டில் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தொட்டால் விரல் சுடுகிறது. வால்வு மூடும் நொடியிலும் சில சமயம் இப்படி ஆகிறது. பாதி மரங்களோடு நீர் நின்றுவிடுகிறது. ஜாக், வின் முனை (Vin, ஜாக்கைப் போலவே ரெகுலேட்டர் வழியாகச் செல்வது), 5 வோல்ட் முனை ஆகிய மூன்றில் எதில் மின்சாரம் கொடுப்பது சரி?

பதில் (பொள்ளாச்சி):
தம்பி, நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. ஜாக்குக்கும் வின் முனைக்கும் பரிந்துரைக்கப்பட்ட அளவு 7 முதல் 12 வோல்ட். உங்கள் பேட்டரியோ வெயிலில் சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். போர்டிலுள்ள ரெகுலேட்டர் 5 வோல்ட்டுக்கு மேற்பட்டதை முழுவதும் வெப்பமாகவே கழிப்பதால், போர்டும் ரிலேயும் சேர்ந்து 130 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு வாட்டுக்கு மேல் அந்தச் சிறு சில்லில் சூடாகிறது. சூடு எல்லை மீறினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நடுப்பகலில் மட்டும் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

எனவே எல்எம்2596 போன்ற பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைத்துத் தரும் கருவி) ஒன்றைப் பேட்டரிக்கும் போர்டுக்கும் இடையில் வையுங்கள். போர்டை இணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்து அதன் வெளியீட்டை 5 வோல்ட்டுக்குத் திருகி, பிறகு 5 வோல்ட் முனையில் கொடுங்கள். அந்த முனைக்கு ரெகுலேட்டரின் காவல் கிடையாது. அதிக வோல்ட் சென்றால் போர்டு போய்விடும்.

மூடும்போது வரும் கோளாறு வேறு. வால்வுச் சுருளில் மின்சாரம் அறுபடும் கணத்தில் எழும் உயர் மின்னழுத்தமே போர்டைக் குலைக்கிறது. வால்வு டிசி வகைதானே? அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்குமாறு இணையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. டிசி வால்வுதான். பக் கன்வெர்ட்டரின் 5 வோல்ட்டை, பாதுகாப்புக்காக, வின் முனையிலேயே கொடுக்கலாமா?

பதில் (பொள்ளாச்சி):
கூடாது. ரெகுலேட்டரே ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். ரிலே சரியாக இழுக்காமல் போகலாம். சென்சார் அளவையும் போர்டு அந்த 5 வோல்ட்டோடு ஒப்பிட்டே கணக்கிடுவதால், ஈரத்தின் அளவும் மாறித் தெரியலாம்.

பதில் (வேலந்தாவளம்):
அண்ணன் சொன்னதோடு இரண்டு செய்திகள். பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள்; பேட்டரி ஒயர்கள் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும். புரோகிராம் ஏற்ற யூஎஸ்பியை இணைக்கும்போது 5 வோல்ட் முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே தடத்தில் மோதினால் கணினியின் யூஎஸ்பி போர்ட்டுக்கும் ஆபத்து.