தொழப் போகாமல் பள்ளிவாசல் படி ஏறிய கதைகள்

வண்ணார்பேட்டைக்காரன்:
எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், முப்பது வருஷமாக ஒரு குட்டி நோட்டு இருந்தது. முழுக்க அரபி எழுத்து. தாத்தா மேலப்பாளையத்து நூல் வியாபாரி ஒருவருக்குச் சாயம் முக்கிக் கொடுத்தவர். அந்த வியாபாரியின் பெட்டியிலிருந்து வந்தது. "பாய்மார் வேதம்லா, கீழ வைக்கக் கூடாது" என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்தே சூடம் காட்டுவாள்.

வெள்ளையடிக்கும்போது அதை எடுத்தேன். என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்க மேலப்பாளையத்தில் ஒரு மதரசாவுக்குக் கொண்டுபோனேன். செருப்பை எங்கே விடுவது, உள்ளே போகலாமா என்று வாசலிலேயே பத்து நிமிஷம். தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஒரு பொடியன் வந்து, "ஹஸ்ரத் கூப்பிடுதாங்க" என்றான், மதரசா ஆசிரியரைத்தான் அப்படிச் சொன்னான். ஹஸ்ரத் வேலூர் பாக்கியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர், பெயருக்குப் பின்னால் 'பாகவி' பட்டம் உண்டு. நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டியவர் சிரித்துவிட்டார். அப்புறம் பையன்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: "கறுப்பு நாலு கட்டு. செவப்பு ரெண்டு. வண்டிக்கூலி கழிச்சு பாக்கி ஏழு ரூவா."

அத்தனையும் தமிழ்! எழுத்து மட்டும்தான் அரபி. அரபுத்தமிழ் என்றார். ப, ட, ள, ழ மாதிரி அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்திலேயே கூடுதலாகப் புள்ளி போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். ஓதுகிற பள்ளியில் படித்த எழுத்து ஒன்றுதான் கையில் இருந்தது, அதிலேயே கடிதமும் கணக்கும் மார்க்க நூல்களும் எழுதிவிட்டார்கள். பெண்கள் படித்ததும் பெரும்பாலும் இதில்தானாம். ஒரு வரியில் ஹஸ்ரத் நின்றார். "மகளுக்குப் பேறுகாலம், கணக்கு மறு வாரம்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ள இப்ப எங்க பாட்டியா இருக்கோ, தம்பி" என்றார்.

சாயா வந்தது. காசு வாங்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

கடையநல்லூர் மருமகள்:
அண்ணே, உங்களுக்குச் சாயா கிடைத்தது. எனக்கு வாசல்கூடக் கிடைக்கவில்லை.

பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க நிக்காஹ் தப்தரின், அதாவது பள்ளிவாசல் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவுப் புத்தகத்தின் நகல் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டத்தின்படி தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளரிடம் கல்யாணத்தைப் பதிந்திருக்க வேண்டும். யார் பதிந்தார்கள்? ஜமாஅத் புத்தகம் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். பள்ளிவாசலுக்கு நேரில் போனால், "பொம்பளைங்க வரக்கூடாதும்மா, அண்ணன அனுப்பு" என்றார்கள். அண்ணன் சவுதியில். வாப்பாவுக்கு முழங்கால் வலி. மூன்று வாரம் அலைந்தோம். இத்தனைக்கும் என் கல்யாணம், என் கையெழுத்து.

கடைசியில் பாங்கு சொல்கிற வயசான மோதினார் ஒருவர்தான் புத்தகத்தைத் துண்டில் சுற்றி வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தார். அவராகத்தான் கொண்டுவந்தார், நிர்வாகம் சொல்லி இல்லை. மாப்பிள்ளை, பெண், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சி, மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடை) என்று கட்டம் கட்டமாக இருந்தது. என் மஹர் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். இரண்டு பவுன். மார்க்கத்தில் அது பெண்ணின் உரிமை, வாங்கிக்கொள்ள வேண்டியவள் நான். எட்டு வருஷமாக யாரும் வாயைத் திறக்கவில்லை. (கேட்டு வாங்கிவிட்டேன். அது தனிக் கதை.)

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத் தொடங்கியபோது எங்கள் தெருவில் திட்டாத ஆள் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன்.

அப்பா காலேஜ் பழைய மாணவன்:
நான் கிறிஸ்தவன். பாளையங்கோட்டை சதக்கத்துல்லா அப்பா கல்லூரியில் படித்தேன். 1971இல் தொடங்கியது. அந்த 'அப்பா' யாரோ பணக்காரத் தாளாளர் என்றே முதல் வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் காயல்பட்டினத்தில் பிறந்த ஞானி, அரபிப் புலவர் என்று பிறகுதான் தெரிந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினம் பக்கம் மாட்டிக்கொண்டேன். ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பள்ளிவாசலில்தான் படுத்தோம். நோன்புக் கஞ்சி அண்டாவில் சோறு பொங்கி, சஹன் என்கிற பெரிய தட்டில் போட்டு இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். என் சஹனில் என்னோடு உட்கார்ந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர். எனக்குக் கூச்சம், அவருக்குப் பசி. பாதிக்கு மேல் அவரே சாப்பிட்டுவிட்டார்.

கடையநல்லூர் மருமகள்:
வண்ணார்பேட்டை அண்ணே, அந்தச் சாய நோட்டு இப்போ எங்கே இருக்கிறது? மதரசாவில் கொடுத்துவிட்டீர்களா?

வண்ணார்பேட்டைக்காரன்:
ஹஸ்ரத் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், வேதம் இல்லை, வெறும் சாயக் கணக்கு என்று. "ஏழு ரூவா பாக்கி தாத்தா தரணுமா, அவங்க தரணுமா?" என்று கேட்டாள். தாத்தாதான் தர வேண்டும். அதைக் கேட்டதும் நோட்டை வாங்கி மறுபடியும் விபூதித் தட்டுப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.