தேடலில் ‘பாதிக்கப்படுகிறது’ என்று பதில் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

புதுமனை77:
அவசரம். சிங்கப்பூரில் வீடு வாங்க முன்பணம் கட்டி, ‘வாங்கும் உரிமைப் பத்திரம்’ (option to purchase) பெற்றிருக்கிறோம். அதில் குறித்த நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவது உறுதியாகும். வழக்கறிஞர் அரசாங்கத் துறைகளுக்கு அனுப்பிய கேள்விகளுக்கு நேற்று பதில்கள் வந்தன. எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் ‘பாதிக்கப்படுகிறது’ என்று இருக்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. முகவரோ, எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் வரும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா? இரவு முழுவதும் தூக்கமில்லை.

யீஷூன் அக்கா:
வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடா, தனியார் வீடா? அதைச் சொல்லாமல் யாரும் உதவ முடியாது, தங்கச்சி. வீவக மறுவிற்பனை என்றால் யோசிக்க 21 நாள் இருக்கும். தனியார் வீட்டுக்குப் பெரும்பாலும் 14 நாள்தான். இன்று எத்தனையாவது நாள்?

கம்பிப்பாதை:
இது ரயில்தான், சந்தேகமே வேண்டாம். குறுக்குத் தீவுப் பாதைக்காகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் மனையில் ஒரு தூண் நடுவதென்றாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். என் மாமா வீட்டில் மாடி எழுப்ப நினைத்தபோது இதே சொல்தான் வந்தது.

மூலப்பத்திரம்:
முதலில் 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மதுரையில் நாங்கள் மனை வாங்கியபோது வில்லங்கச் சான்றில்தான் பழைய அடமானம் ஒன்று தெரியவந்தது. மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

பத்திரக்கணக்கு:
இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியாதவர்கள் மில்லியன் கணக்கில் பணம் போட்டு வீடு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் ஒருமுறை சொல்கிறேன். உரிமைத் தேடல் வேறு, துறைகளிடம் கேட்பது வேறு. வீடு யார் பெயரில் இருக்கிறது, வங்கி அடமானம் உண்டா, வேறு யாராவது தங்களுக்கும் அதில் உரிமை உண்டு என்று கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் நில ஆணையப் பதிவேட்டில் தெரியும். சாலை விரிவாக்கத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் சொல்லும். வடிகாலும் கழிவுநீரும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. அனுமதியில்லாக் கட்டுமானத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையம். சொத்து வரி பாக்கிக்கு உள்நாட்டு வருவாய் ஆணையம். ஒவ்வொரு துறையும் ‘பாதிக்கப்படுகிறது’ என்று சொன்னால் அதன் பொருள் வேறு. எந்தத் துறை என்று எழுதாத கேள்விக்கு ரயில், வில்லங்கம் என்று பதில் சொல்வது ஊகம்.

மூலப்பத்திரம்:
ஐயா, வில்லங்கம் ஊகம் இல்லை. எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா?

பத்திரக்கணக்கு:
ஊரில் பதிவாகிற பத்திரம் உரிமைக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் அங்கே முப்பது வருடம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. இங்கே டோரன்ஸ் முறை. மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பதிவேட்டில் இருக்கும் பெயர்தான் உரிமையாளர். மூலப்பத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை.

மூலப்பத்திரம்:
பதிவேட்டில் பெயர் சரியாக இருந்தும் சுவர் அடுத்தவன் நிலத்தில் நின்றால்? கணினி சொல்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பெரியவர்கள் பத்திரத்தை வரி வரியாகப் படித்ததற்குக் காரணம் உண்டு.

யீஷூன் அக்கா:
இருவரும் வேறோர் இழையில் பேசுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதுமனை77:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தனியார் வீடு, சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் வரிசை வீடு. விலை 32 லட்சம் வெள்ளி. 1 விழுக்காடு கட்டியாயிற்று. இன்று 9ஆம் நாள். கடிதத்தை மறுபடியும் பார்த்தேன், கழிவுநீர் என்று இருக்கிறது. வரைபடத்தில் வீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போகிறது.

கொத்துவேலை25:
தங்கச்சி, பின்பக்கச் சமையலறை விற்பவர் நீட்டிக் கட்டியதா? பழைய வரிசை வீடுகள் பலவற்றில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பின்கட்டின் அடியில்தான் ஓடும். அனுமதியில்லாமல் அதன் மேல் எதையும் கட்டக் கூடாது.

25 வருடமாக வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் அடுப்படியை இடிக்கும்போது அரிசி டின் இருந்த இடத்தில் நான்கு ஓடுகள் மட்டும் சற்று வெளிர் நிறமாக இருந்தன. சுத்தியல் காம்பால் தட்டினால் குடம் போல ஒலித்தது. பெயர்த்தால் கீழே மேன்ஹோலின் இரும்பு மூடி, துருவேறி, சிமெண்டால் பூசி மறைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டியவர் போய்விட்டார், இடிக்கும் செலவு அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

குழாய் இருப்பதே குற்றமில்லை. அதன் மேல் என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி. நாளைக்கே போய்ப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். அதை வாங்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். விற்பவர் ஒப்புதல் தரத் தயங்கினால், ஏன் என்று வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கம்பிப்பாதை:
ரயில் இல்லை என்றால் நல்லது. ஆனாலும் ரயில் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்திரக்கணக்கு:
இப்போதுதான் கேள்வி கேள்வியாக இருக்கிறது. கையில் இருக்கும் வாங்கும் உரிமைப் பத்திரத்தை எடுத்து, துறைகளின் பதில்களைப் பற்றிய விதியைப் படியுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாங்குபவர் விலகலாம், கட்டிய பணம் வட்டியில்லாமல் திரும்பும் என்று பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். எவையெல்லாம் ‘திருப்தியில்லாத பதில்’ ஆகாது என்று அதற்குக் கீழே சில வரிகளும் இருக்கும். உங்கள் 32,000 வெள்ளி திரும்புமா என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அந்த வாங்கும் உரிமையைச் செயல்படுத்தினால் மேலும் 4 விழுக்காடு, அதாவது 1,28,000 வெள்ளி கட்ட வேண்டும். அன்றிலிருந்து 14 நாளுக்குள் முத்திரை வரியும் கட்ட வேண்டும். அந்த விலைக்கு அது 1,31,600 வெள்ளி, கூடுதல் வரி சேராமல். முகவர் சொன்னார் என்று போடுகிற கையெழுத்தா இது?

யீஷூன் அக்கா:
வழக்கறிஞர் தொலைபேசியை எடுக்காவிட்டால் நேரில் போய் உட்காருங்கள். எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மூலப்பத்திரம்:
பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லித்தான் நானும் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

புதுமனை77:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அம்மாவுடன் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தச் சொன்னோம். அடியில் இரண்டு ஓடுகளின் நிறம் வேறு. அம்மா கைவிரலை மடக்கித் தட்டினார், கொத்துவேலை அண்ணன் சொன்ன அதே ஒலி. விற்பவர் எதுவும் சொல்லவில்லை. வழக்கறிஞர் வரைபடம் கேட்டு எழுதிவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. பிறகு எழுதுகிறேன்.

கொத்துவேலை25:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எதையும் பெயர்த்துப் பார்க்காதீர்கள், அது இன்னும் அவர்கள் வீடு. படம் மட்டும் எடுத்து வையுங்கள்.

தேக்கா வாசி:
இரண்டு வாரம் ஆயிற்று. என்ன முடிவு எடுத்தீர்கள்? என் தங்கையும் அதே பக்கத்தில் ஒரு வீடு பார்க்கிறாள்.