காக்காவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாட்டுங்கா மணி

இந்தி சூப்பர் ஸ்டார் ராஜேஷ் கன்னா யார், அவர் நடித்த ஆராதனா எப்படி ஓடியது என்றெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1971, மழைக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு எட்டு வயது. அத்தை கல்லூரியில் இரண்டாம் வருஷம். சனிக்கிழமை மத்தியானம் "லைப்ரரிக்குப் போறேன், மணியையும் கூட்டிண்டு போறேன்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு என்னை மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாந்த்ராவில் இறங்கி நடந்தோம், நடந்தோம், கார்ட்டர் ரோடு வரும்வரை நடந்தோம். கடல் பக்கத்திலிருந்து சாரல். அவருடைய ஆசீர்வாத் பங்களா வாசலில் நூறு பேராவது இருப்பார்கள், முக்கால்வாசி பெண்கள். எல்லோரும் "காக்கா, காக்கா" என்று கத்துகிறார்கள். நான் மேலே பார்த்தேன், ஒரு காக்கையும் இல்லை. பஞ்சாபியில் அது சின்னப் பையனைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

கேட் திறந்து வெள்ளைக் கார் ஒன்று வெளியே வந்தது. பின்சீட்டில் அவர். கண்ணாடிக்குள்ளிருந்து கையைத் தூக்கினார், இரண்டு விநாடி இருக்கும். நான் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அவர் முகம் இல்லை. கார் நகரும்போது அத்தை கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அதன் பின்பக்கத்தைத் தன் புடவைத் தலைப்பால் ஒரு தடவு தடவினாள். தலைப்பு முழுக்கச் சேறு. அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும்போது எனக்கு ஒரு கோலா ஐஸ் வாங்கித் தந்தாள். "ஆத்துல சொல்லிடாதேடா."

சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன். ஐஸ் ஏது என்று பாட்டி கேட்டாள், எல்லாம் வந்துவிட்டது.

அத்தை படிக்கிற மேஜையில் கண்ணாடி போட்டிருக்கும். அதற்கடியில் அவர் போட்டோ, குறுக்கே நீல மையில் கையெழுத்து. பாட்டி அதை எடுக்கப் பார்த்தாள். பம்பாய் ஈரத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, வரவில்லை. கண்ணாடியை உடைக்கவும் மனசில்லை. அடுப்படிக்குப் போய் மைதாப் பசை கிளறிக்கொண்டு வந்து, வேங்கடாசலபதி காலண்டர் படத்தைக் கண்ணாடியின் மேல்பக்கம் ஒட்டிவிட்டாள். அதன்பிறகு அத்தை படித்தது, பரீட்சை எழுதத் தயாரானது எல்லாம் பெருமாள் மேல்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

போன மாதம் அந்த வீட்டைக் காலி செய்தோம். மேஜை என்னிடம் வந்திருக்கிறது. பெருமாளின் ஒரு ஓரம் உரிந்து, அடியில் குர்தாக் காலர் தெரிகிறது.

லோதி காலனி

என் கதையும் குற்ற உணர்ச்சிதான். 1991 தேர்தல், புது தில்லித் தொகுதி, காங்கிரசுக்கு ராஜேஷ் கன்னா, எதிரே அத்வானி. எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திறந்த ஜீப்பில் வந்தார். மே மாத வெயில். எங்கள் பிளாக்கில் எல்லாம் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள், பாதிப் பேர் தமிழர்கள். மாடியிலிருந்து மாமிகள் பாடச் சொல்லிக் கத்தினார்கள். பாடவில்லை, சிரித்தார். அப்புறம் அந்தத் தலைச் சாய்ப்பு. கண்ணைச் சிமிட்டி, கழுத்தை லேசாக ஒடித்து. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் அடுத்த நொடி தெரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரும்ப இந்தப் பக்கம் பார்க்கும்போது மறுபடி அதே சிரிப்பு.

ஓட்டு வயதை 18 ஆக்கியிருந்தார்கள், எனக்கு 19. முதல் ஓட்டு. மே 20 காலையில் அம்மா இரண்டு தடவை எழுப்பினாள். வெயில் தாழப் போகலாம் என்று படுத்தேன், போகவே இல்லை. அன்றைக்கு ராஜீவ் காந்தி எங்கள் தொகுதியில்தான், நிர்மாண் பவனில் ஓட்டுப் போட்டார். மறுநாள் ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ச் செய்தி வந்தது. அந்தக் கலவரத்தில் ஓட்டு எல்லாம் மறந்தே போய்விட்டது.

எண்ணிக்கை வந்தபோது அவர் தோற்றிருந்தார். வித்தியாசம் 1,589. லட்சக் கணக்கில் ஆள் இருக்கிற தொகுதியில் 1,589. எங்கள் காலனியில் மத்தியானம் தூங்கியவர்களை எண்ணினாலே அவ்வளவு வரும்.

பழைய ரீல் பெட்டி

லோதி காலனி, நீங்கள் எழுந்து போயிருந்தால் 1,588. அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு முப்பது வருஷம் தூக்கம் கெட வேண்டாம். அத்வானி காந்திநகரிலும் ஜெயித்துவிட்டதால் தில்லியை விட்டுக் கொடுத்தார், 1992 இடைத்தேர்தலில் சத்ருகன் சின்காவைத் தோற்கடித்து கன்னா உள்ளே போனார், 96 வரை எம்.பி. கதை சுபம்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் என் பெரியப்பா கதை இந்த இழைக்குப் பொருந்தும். 65 மொழிப் போராட்டத்தில் பதினெட்டு நாள் உள்ளே இருந்தவர். தார் டப்பாவோடு ரயில்வே ஸ்டேஷன் போர்டுக்குப் போனவர். நாலே வருஷம் கழித்து ஆராதனா மெட்ராசுக்கு வந்து, எடுக்கவே மனசில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தடவை நாங்கள் போனபோது இடைவேளையில் முறுக்கு வாங்க வெளியே வந்தால், பெரியப்பா தனியாக நிற்கிறார். தலையில் துண்டு, முகத்தை மறைக்கிற மாதிரி. எங்களைப் பார்த்ததும் "எதிரியின் ஆயுதத்தைத் தெரிஞ்சுக்கணும்" என்றார். சாகும்வரை ஷேவ் பண்ணும்போது அந்த டார்ஜிலிங் ரயில் பாட்டைத்தான் முணுமுணுத்தார், ஒரு வார்த்தை சரியாக வராது.

இன்னொன்று. இவரை இந்திக்காரர் என்று தள்ளி வைக்கிறவர்கள் கணக்கைப் பாருங்கள். இவர் நடித்த ஹாத்தி மேரே சாத்தியை எடுத்தது நம் சாண்டோ சின்னப்பா தேவர். அவருடைய தெய்வச்செயல் (1967) இங்கே எடுபடவில்லை, அதே யானைகளை இந்திக்குக் கொண்டு போனார், 1971இல் நாடே பார்த்தது, உடனே எம்.ஜி.ஆரை வைத்து நல்ல நேரம் என்று திரும்ப நமக்கே கொண்டு வந்தார். ஆராதனாதான் சிவாஜியின் சிவகாமியின் செல்வன். சச்சா ஜூட்டாதான் நினைத்ததை முடிப்பவன். தெலுங்கு பிரேம நகர் இங்கே வசந்த மாளிகை, அங்கே பிரேம் நகர் ஆனது. ஒரே ஆள் செய்த வேடங்களை இங்கே எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பங்கு போட்டுக்கொண்டார்கள், வேறு யாருக்கு இது நடந்தது?

செம்பூர்க்காரி

பெட்டி சார், நேரில் பார்த்த கதை கேட்டார் மணி. நீங்கள் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறீர்கள்.

2012 கோடையில் டிவியில் ஒரு மின்விசிறி விளம்பரம் வந்தது. பால்கி எடுத்தது. கோட் சூட்டில், மெலிந்து, குச்சி மாதிரி ராஜேஷ் கன்னா. தன் ஃபேன்களைத் தன்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது என்கிறார், சுற்றிலும் விசிறிகள் சுழல்கின்றன. ரசிகரையும் விசிறி என்று சொல்கிற நமக்கு அந்தச் சிலேடையை விளக்கவே வேண்டாம். ஆபீசில் பையன்கள் அதைக் கேலி செய்து நடித்துக் காட்டுவார்கள். நானும் சிரித்தேன். அதிகமாகவே சிரித்தேன்.

ஜூலை 18 இறந்துவிட்டார். 69 வயதுதான். மறுநாள் காலை எனக்கு பாந்த்ராவில் ஒரு கிளையண்ட் மீட்டிங். மழை. கார்ட்டர் ரோடு பக்கம் ஆட்டோ நகரவில்லை, இறங்கி நடந்தேன். அப்போதுதான் வண்டி வந்தது, முழுக்க வெள்ளைப் பூ. மனைவி டிம்பிளும் மருமகன் அக்ஷய் குமாரும் அதில் இருந்தார்கள். ஜனம் பிதுங்குகிறது, போலீஸ் தள்ளுகிறது.

எனக்கு முன்னால் ஒருவர். அறுபதைத் தாண்டியிருப்பார், இஸ்திரி போட்ட சட்டை, தோளில் டிபன் பை, ஆபீஸ் போகிற ஆள். கையிலிருந்த குடையை மடக்கினார். நனைந்துகொண்டே இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள். முதல் நாள் முதல் காட்சி விசில். சாவு ஊர்வலத்தில்! பக்கத்தில் ஒரு அம்மா திரும்பி முறைத்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை, இன்னொன்று அடித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதில் விசில் வந்தது. அப்புறம் எங்கிருந்தெல்லாமோ. வண்டி திரும்பி மறைந்ததும் குடையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

அந்த விளம்பரத்தை இன்றுவரை நான் முழுசாகப் பார்க்கவில்லை.

பழைய ரீல் பெட்டி

அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "குச்சி மாதிரி" என்று வந்ததும் அடுத்து எல்லோரும் சொல்லும் அந்தக் கதை வரும், அமிதாப் வந்தார், இவர் கவிழ்ந்தார் என்று. அதை முன்கூட்டியே மறுக்கிறேன். அமிதாபின் ஜஞ்சீர் 1973இல் வந்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் ஆப் கி கசம், ரோட்டி, பிரேம் நகர், மூன்றும் ஓடியவை. 1983இல் அவதார், சௌத்தன். கவிழ்ந்தவன் பத்து வருஷம் கழித்து ஹிட் கொடுக்க மாட்டான். 69இலிருந்து 71வரை தொடர்ந்து ஓடியவை 15 என்பார்கள், 17 என்பாரும் உண்டு. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சமதளம்கூடப் பள்ளமாகத்தான் தெரியும். படப்பிடிப்புக்குத் தாமதமாக வருவார் என்பது ஊரறிந்தது, அதை நான் மறுக்கவில்லை.

செம்பூர்க்காரி

நான் அமிதாப் பெயரையே எடுக்கவில்லையே சார்.

ஆல்பம் அண்ணாச்சி

நான் அவரைப் பார்த்தது 86இல், சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில், பின்னந்தலை மட்டும். அவர்தானா என்றுகூட நிச்சயமில்லை. அதை விடுங்கள்.

மணி தம்பி, அந்த போட்டோ விஷயம். நான் நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன், கேட்காமலே சொல்கிறேன். முதலில், தயவுசெய்து பிளேடு பக்கம் போகாதே. ஹேர் டிரையர் காட்டச் சொல்லி யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம், சூட்டில் படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு நின்றுவிடும், வெறும் காகிதம் கையோடு வரும். ஒட்டியிருப்பது பசை இல்லை, படத்தின் மேலே இருக்கும் ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் காய்ந்து ஒட்டியது.

பெருமாளை முதலில் எடு. மைதாப் பசைதானே, வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியை மேலே போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஊறிவிடும். துணி சொட்டக் கூடாது. கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் அடியில் இருக்கிற படத்துக்குப் போய்விடும். பெருமாள் கிழிந்தால் பரவாயில்லை, காலண்டர் வருஷா வருஷம் வருகிறது. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதன் வழியாகவே போட்டோ எடு. பிளாஷ் கூடாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். உனக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைப் பிடித்துக்கொண்டு யாராவது நிற்கட்டும், இல்லாவிட்டால் உன் மூஞ்சிதான் படத்தில் விழும். இதைச் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதே.

கறுப்பு வெள்ளை புரோமைட் என்றால் கண்ணாடியோடு சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக நழுவ விடலாம், நான் எத்தனையோ கல்யாணப் படங்களை அப்படி எடுத்திருக்கிறேன். ஆனால் கையெழுத்து என்கிறாயே, அங்கேதான் சிக்கல். பூதக்கண்ணாடி வைத்துப் பார். கையெழுத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு, கவலையில்லை. கோடாக ஓடினால் பேனா மை. பேனா மையை ஊறப் போட்டால் ராஜேஷ் கன்னா நிற்பார், கையெழுத்து வாளித் தண்ணீரில் இருக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் கை வைக்காதே. மழைக்காலத்தில் எதுவுமே செய்யாதே. அப்படியே மேஜையில் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது, ஐம்பது வருஷம் இருந்ததுதானே. வேண்டுமானால் சுற்றி ஒரு சட்டம் போட்டு, கண்ணாடியோடு சுவரில் மாட்டிவிடு. மாட்டும்போது வெயில் படாத சுவராகப் பார்.

லோதி காலனி

அண்ணாச்சி, என் ஓட்டை எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மணி

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெருமாள் முழுசாக வந்துவிட்டார், கிழியவில்லை. கறுப்புப் போர்வையை மனைவி பிடித்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், புள்ளி இல்லை, கோடுதான். "ஆர்" எழுத்தின் வால் போட்டோவின் ஓரம்வரை ஓடுகிறது. நிஜக் கையெழுத்து என்றதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏலத்துக்குப் போகும் என்கிறான் பையன்.

அத்தைக்கு இப்போது எழுபத்துநாலு, புனேயில் இருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. 73இல் அவர் டிம்பிளைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தி பேப்பரில் வந்த அன்றைக்கும் அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். 2012இல் அவர் போன அன்று நானே போன் செய்தேன். "அங்கே மழையா?" என்று மட்டும் கேட்டாள். ஆசீர்வாத் கைமாறி இடித்தபோதும் நான்தான் செய்தியை அனுப்பினேன், பதில் இல்லை.

நேற்று போட்டோவை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். "எதை?" என்றாள். ஐஸ் வாங்கித் தந்ததைச் சொன்னேன், ஞாபகம் இல்லை என்றாள். கார், தலைப்பு, சேறு? அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, இந்தக் கையெழுத்து எப்படிக் கிடைத்தது, அவரே அனுப்பினாரா என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிக்கிறாள். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள்.

"அது கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்துல எட்டணாவுக்கு வாங்கினதுடா. காலேஜ்ல எல்லார்கிட்டேயும் அவரே போஸ்ட்ல அனுப்பினார்னு சொல்லிட்டேன். கேட்டா காட்டணுமே. நான்தான் போட்டேன். நாலு நாள் நோட்டுல எழுதிப் பழகினேன்."

என்ன மை அத்தை என்று கேட்டேன்.

"சுலேகா. தண்ணில போட்டுடாதே, கரைஞ்சுடும்."