டர்பனில் குற்றவியல் படிக்க வைக்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு

பெண் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறாள், குற்றவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், படித்தால் போலீஸ் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். என் மகளும் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில், இதே படிப்பைத்தான் படித்தாள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். நாங்கள் அதைப் பார்க்காமல்தான் அடிபட்டோம்.

மூன்றாம் வருடம் அவளுக்குப் போலீஸ் ஆசை வந்தது. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டம், எடைக் குறைப்பு எல்லாம் நடந்தது. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே 13 இலக்க அடையாள எண் கேட்கிறார்கள். நம்மிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட். தென்னாப்பிரிக்கப் போலீஸ் குடிமக்களை மட்டும்தான் எடுக்கும். சிறைத்துறையும் அப்படித்தான். சரி, தனியார் செக்யூரிட்டி கம்பெனியாவது பார்ப்போம் என்றால் அதற்கும் சைரா என்ற ஆணையத்தில் பதிவு வேண்டும், பதிவுக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். அன்று அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

வேலை விசாவில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை அதற்கும் அப்புறம். வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இதை உங்கள் வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்து வக்கீல் பக்கம். இங்குள்ள ஆன்ட்டிகளிடம் பெண் சட்டம் கிட்டம் படிக்கிறாள் என்று சொன்னால் உடனே நவி பிள்ளை பெயரைச் சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். டர்பனில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள், 1967இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண், பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐநா தீர்ப்பாயத்தில் நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐநா மனித உரிமை ஆணையர். ஆனால் அந்த வழிக்கு எல்எல்பி என்ற சட்டப் பட்டம் வேண்டும். குற்றவியல் பிஏ மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் வாதாட முடியாது, அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் முடியாது. பிஏவில் சட்டப் பாடங்களைச் சேர்த்து எடுத்திருந்தால் அப்புறம் எல்எல்பியைக் குறைந்த வருடங்களில் முடிக்கலாம். அங்கேயும் அதே பூட்டு உண்டு: வக்கீலாகப் பதிவு செய்யக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும். இதை எதிர்த்து வெளிநாட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

தடயவியல் என்ற சொல்லைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். குவாசுலு நேட்டால் பல்கலையின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இந்தத் துறையின் பெயரிலேயே 'ஃபாரன்சிக்' இருக்கிறது. அது சமூக அறிவியல் படிப்பு. ரத்தக் கறை, டிஎன்ஏ, வேதிச் சோதனை என்று உங்கள் பெண் கனவு கண்டால் வேதியியலோ உயிரியலோ எடுத்து பிஎஸ்சி படிக்க வேண்டும். இளம் குற்றவாளிகளோடு வேலை செய்ய ஆசை என்றால் அது சமூகப் பணிப் படிப்பு. இங்கே புரொபேஷன் ஆஃபீசர் (நன்னடத்தை அதிகாரி) என்பவர் சமூகப் பணியாளர்தான். 2008ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட பிள்ளையை முதலில் மதிப்பிடுவது அவர்தான். சேர்ந்து இரண்டு வருடம் கழித்து இதெல்லாம் தெரிந்துகொண்டு தலையில் கைவைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் குற்றவியல் வீணா? இல்லவே இல்லை. 2022-23இல் மட்டும் இந்த நாட்டில் 27,494 கொலைகள், நாளுக்கு 75. குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸ் ஏன் தடுமாறுகிறது என்று படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. என் மகள் கடைசியில் போய்ச் சேர்ந்தது மோசடி விசாரணையில். வங்கி, இன்சூரன்ஸ், ஆடிட் நிறுவனங்களில் இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கருப்புப் பணத் தடுப்பு போதாது என்று தென்னாப்பிரிக்காவைச் சர்வதேசச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகளின் பட்டியலில், போட்டார்கள், 2025 அக்டோபரில்தான் பெயர் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பிரிவுகளுக்கு மவுசு கூடியது. இங்கே சீருடையும் இல்லை, குடியுரிமைக் கேள்வியும் இல்லை. வேலை விசா தர நிறுவனம் முன்வர வேண்டும், அந்தத் தலைவலி மட்டும் உண்டு. அதனால் குற்றவியலோடு இரண்டாவது முதன்மைப் பாடமாகக் கணக்கியல், சட்டம், உளவியல் இவற்றில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் கணக்கியல். மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் ஆனர்ஸும் முடிக்கட்டும். இங்கே அது தனியாக ஒரு வருடம், மதிப்பெண் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

சேர்க்கை விஷயம். இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கும், நம் ஊர் ரிசல்ட் மே மாதம். நடுவில் இருக்கும் மாதங்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். நாங்கள் கழித்தோம், ஒரு வருடம் போனது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழுக்கு யூனிவர்சிட்டீஸ் சவுத் ஆஃப்ரிக்கா அமைப்பிடம் விலக்குச் சான்று (இங்கே பட்டப்படிப்பில் சேரத் தகுதி உண்டு என்ற சான்று) வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் சாக்கா என்ற அரசு அமைப்பின் மதிப்பீடும் கேட்பார்கள். குவாசுலு நேட்டால், சுலுலாந்து பல்கலைகள் இரண்டுக்கும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே படிவம். தொலைநிலையில் படிக்க யூனிசா பல்கலை இருக்கிறது, குற்றவியல், போலீஸ் பணி, சிறை நிர்வாகம் என்று தனித்தனிப் பட்டங்களே தருகிறது. உங்களைச் சார்ந்தவள் என்ற விசா இருப்பதாலேயே அவள் கல்லூரியில் சேர்ந்துவிட முடியாது, படிப்பு விசா தனியாக எடுக்க வேண்டும். அதில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். 18 தாண்டியிருந்தால் இந்தியாவிலிருந்து போலீஸ் சான்றும் தேவை, அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அரசுக் கல்வி உதவியை நம்ப வேண்டாம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

இன்னொன்று, இங்குள்ள மக்கள் பேசும் ஜூலு மொழி. எனக்கு இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர், நம் ஆள்தான், தமிழ் பேசத் தெரியாத தமிழர். ஆடி மாதம் மாரியம்மன் கோவில் கூழ் வரிசையில் பார்த்தேன் (இங்கே அதற்குப் பெயர் போரிட்ஜ் பிரேயர், முதலில் சிரிப்பு வரும், பழகிவிடும்). கோர்ட் பதிவு மொழி ஆங்கிலம்தான், ஆனால் சாட்சி அழுவது ஜூலுவில், மொழிபெயர்ப்பாளர் சொல்வதில் பாதி உணர்ச்சி போய்விடும் என்றார். என் மகள் இரண்டு பருவம் ஜூலு எடுத்தாள். வேலை நேர்காணலில் அவளைத் தனியாகக் காட்டியது அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பெண்ணை ஒரு நாள் சோம்ட்சு சாலை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததுதான், பின்பெஞ்சில் உட்காரலாம். சினிமாவில் பார்த்த ஜூரியைத் தேட வேண்டாம், 1969லேயே ஒழித்துவிட்டார்கள். பெரும்பாலும் ஜாமீன் மனு, வாய்தா, மறுபடி வாய்தா என்றுதான் போகும். மதியம் வரை கொட்டாவி விடாமல் பார்த்தாள் என்றால் படிவத்தை நிரப்புங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள், காய்கறி வெட்டும் கத்தி கித்தி இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நான் அதிலும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.