குருத்தணு மாற்று ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். இரத்தக் குருத்தணு மாற்று சிகிச்சையில் நெடுங்காலம் உழைத்த என் பேராசிரியரின் ஆய்வுப் பட்டியலை ஒரு விருதுப் பரிந்துரைக்காகத் தொகுத்துவருகிறேன். அவர் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதற்கு கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகிய மூன்று ஆய்வுத் தரவுத்தளங்களும் மூன்று விதமான எண்களைக் காட்டுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் வடிவங்கள்) சேர்த்து எண்ணுவதால் அங்கே கூடுதலாக இருப்பது புரிகிறது. விண்ணப்பத்தில் எதைக் குறிப்பிடுவது?

பெயரும் சிக்கல்தான். அதே முதலெழுத்துகள் கொண்ட இன்னொரு மருத்துவரின் கட்டுரைகள் இவர் கணக்கில் கலந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்ட 2012இல் வந்த ஆர்கிட் (ORCID) எண் புதிய கட்டுரைகளுக்கு உதவுகிறது. பழையவற்றை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டுமா?

என்னை அதிகம் உறுத்துவது வேறு. பல நாட்டு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து எழுதும் கட்டுரைகள் இந்தத் துறையில் நிறைய. ஒவ்வொன்றிலும் ஏராளமானோர் பெயர் இருக்கும். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச் குறியீடோ (பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு குறைந்தது 10) முதல் ஆசிரியருக்கும் நடுவில் உள்ளவருக்கும் ஒரே மதிப்பைத்தான் தருகிறது. தானமாக வந்த செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் நிலை குறித்து என் பேராசிரியர் முன்னின்று எழுதிய கட்டுரைகள் அந்த எண்ணுக்குள் மறைந்துபோகின்றன. ஒரு பணியின் மதிப்பு உடனே தெரிவதும் இல்லை: எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி அச்சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1957இல் எழுதினார். அவருக்கு நோபல் பரிசு 1990இல்தான் வந்தது. எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரை அளப்பது அநியாயம்.

முதல் ஆசிரியர், தொடர்புக்குரிய ஆசிரியர் (கட்டுரை குறித்த கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) எனப் பிரித்து அட்டவணை தயாரித்தவர்கள் மாதிரி ஒன்றைப் பகிர முடியுமா? தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டியவற்றைக் கழிக்கும் வழி தெரிந்தாலும் எழுதுங்கள்.