மறு: ‘மீள்கலம்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளை ஏற்றிக்கொண்டு பலமுறை விண்வெளிக்குப் போய்வரும் கலத்துக்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஐயா நேற்று முன்வைத்த ‘மீள்கலம்’ நாவில் தடுக்காமல் வருகிறது. ‘மீள்பயன்பாட்டு மனித விண்வெளி ஊர்தி’ என்று இத்தனை நாள் மூச்சு வாங்க எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. ஆனாலும் ஒரு தடை சொல்கிறேன், பொறுத்தருள்க.

‘மீள்’ என்பதில் இரண்டு பொருள் ஒட்டிக் கிடக்கிறது. ‘மீண்டு வந்தான்’ என்றால் திரும்பி வந்தான். ‘மீள்பதிப்பு’ என்றால் மறுபடி பதித்தது. ‘மீள்கலம்’ என்று படிக்கிறவர் காதில் முதற்பொருள்தான் விழும். அந்தக் கணக்கில் ஒருமுறை மட்டுமே பறக்கும் ரஷ்யாவின் சோயூசும் மீள்கலம், நிலவுக்குப் போன அப்பல்லோவும் மீள்கலம். ஆளை ஏற்றிய எந்தக் கலமும் திரும்பி வரத்தானே கட்டப்படுகிறது?

இரண்டு ‘கொலம்பியா’க்களைப் பாருங்கள். அப்பல்லோ 11-இன் கொலம்பியா 1969 ஜூலை 24 அன்று பசிபிக்கில் இறங்கியது. பிறகு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அமெரிக்காவின் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) கொலம்பியா 1981 ஏப்ரல் 12-இல் ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவரோடும் கிளம்பி, 14-இல் தரையிறங்கி, அதே ஆண்டு நவம்பர் 12-இல் வேறு இருவரோடு மறுபடி ஏறியது. சுற்றுப்பாதைக்குப் போய்வந்த ஆளேறிய கலம் ஒன்று திரும்பவும் அங்கே போனது அதுவே முதல்முறை. இரண்டுமே மீண்டன, இரண்டாவது மட்டுமே மறுபடி பறந்தது. நமக்கு வேண்டிய சொல் அந்த நவம்பருக்கானது.

எனவே என் முன்மொழிவு: நிகழ்வுக்கு மறுபறப்பு, கலத்துக்கு மறுபறப்புக் கலம். ஆள் போவதைச் சொல்ல முன்னால் ‘ஆளேறு’ சேர்க்கலாம். ‘ஆளில்லா’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இணை பொருந்துகிறது. அந்த அடை கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் ஜெமினி 2 விண்கலத்தின் கேப்சூல் 1965-இல் ஒருமுறை, 1966-இல் மறுமுறை விண்ணுக்குப் போனது. இரண்டு தடவையும் உள்ளே யாருமில்லை.

> ‘மறுசெலவுக் கலம்’ என்றால் என்ன? சங்கத் தமிழில் செலவு என்றால் பயணம்தானே?

சிரித்துவிட்டேன், நண்பரே. பழைய பொருளும் புதிய பொருளும் ஒருசேரப் பொருந்துவது விண்ணோடத்துக்குத்தான். அதன் மேனியில் 20,000-க்கும் மேற்பட்ட வெப்பக் காப்பு ஓடுகள்; ஒவ்வொன்றுக்கும் தனி எண், தன் இடத்துக்கேற்ற வடிவு. உள்ளே பூசிய நீர்விலக்கிப் பொருள், திரும்பி வரும்போது ஏறும் சூட்டில் எரிந்துபோகும். எனவே ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பணியாளர்கள் ஓடு ஓடாகப் போய், அதிலுள்ள சிறு துளை வழியே அந்த மருந்தை மறுபடி செலுத்தினார்கள். இன்றைய பொருளில் ‘மறுசெலவு’ என்பது இதுதான்! 1985-இல் அட்லாண்டிஸ் என்ற விண்ணோடம் அக்டோபர் 3-இல் கிளம்பி நவம்பர் 26-இல் மறுபடி கிளம்பியது. ஒரே விண்ணோடம் மறுபடி கிளம்ப எடுத்துக்கொண்ட மிகக் குறுகிய இடைவெளி அந்த 54 நாள்தான். ஆனால் சொற்பட்டியலில் இந்தச் சொல்லைப் போட்டால் படிப்பவர்கள் நிதிநிலை அறிக்கை என்று நினைப்பார்கள். வேண்டாம்.

> ‘மறுபயன்’ என்றாலே போதாதா? ‘பறப்பு’ எதற்கு?

பயன் என்பது நோக்கத்தையும் குறித்துவிடும். சோவியத்தின் புரான் என்ற விண்கலம் பலமுறை பறக்கவே கட்டப்பட்டது. 1988 நவம்பர் 15 அன்று ஆளின்றி இருமுறை பூமியைச் சுற்றித் தானாகவே தரையிறங்கியது. அதோடு சரி, 2002-இல் கொட்டகை இடிந்து அதன்மேல் விழுந்தது. அதை ‘மறுபறப்புத்தகு கலம்’ எனலாம். மறுபறப்பு அதற்கு வாய்க்கவில்லை. தகுதிக்கும் நிகழ்வுக்கும் இப்படித் தனித்தனிச் சொல் இருந்தால் எண்ணிக்கையும் தெளிவாகும். விண்ணுக்குப் போன அமெரிக்க விண்ணோடங்கள் ஐந்து, பயணங்கள் 135. முதற்பறப்பு ஐந்தைக் கழித்தால் மறுபறப்பு 130.

‘விண்ணோடம்’ என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் நீட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. ஷட்டில் என்பது தறியில் இங்குமங்கும் ஓடும் நாடா. நாம் அதைக் கரைக்குக் கரை போய்வரும் ஓடமாக்கிக்கொண்டோம், அழகாகவே. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் இறக்கை வைத்த கலம்தான் கண்முன் வருகிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கேப்சூல் ‘எண்டவர்’ 2020 மே 30-இல் முதலில் போய், 2021 ஏப்ரல் 23-இல் மறுபறப்புக் கண்டது. இறக்கையில்லை, பாராசூட்டில் கடலில் இறங்குகிறது. அதை ஓடம் என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். எது மறுபறந்தது என்பதை இந்தச் சொல் காட்டாது. விண்ணோடத்தின் பெரிய எரிபொருள் தொட்டி ஒவ்வொரு முறையும் புதிது. டிராகனின் பின்பகுதியும் அப்படியே, கழற்றி விடப்படுகிறது. ‘முழு மறுபறப்பு’, ‘பகுதி மறுபறப்பு’ என்று அடை சேர்த்து ஒப்பேற்றலாமா? எனக்கு அவ்வளவு திருப்தியில்லை.

இன்னொன்று, ‘மறு’வுக்குக் கறை என்றும் பொருள் உண்டே என்று யாரும் கேட்குமுன்: கருகிய மேனியோடு கடலில் மிதக்கும் கேப்சூலின் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் பொருத்தம்தான்.

மறுபறக்கும் ராக்கெட் முதற்கட்டத்துக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குகிறேன். ஐயா, ‘மீள்கலம்’ என்பதைத் தரையிறங்கும் பகுதிக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா?