புதுப்பிப்பு: நெட்வொர்க் பிளஸ் தேறிவிட்டேன்

சப்நெட்டிங் (கணினி வலையமைப்பின் முகவரிகளைச் சிறு பங்குகளாகப் பிரிப்பது) தலையில் ஏறவே இல்லை, தேர்வைத் தள்ளிப்போடலாமா என்று போன மாதம் காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன். தள்ளிப்போடவில்லை. சனிக்கிழமை மதுரைக்குப் போய் காம்ப்டியா நடத்தும் நெட்வொர்க் பிளஸ் என்ற கணினி வலையமைப்புச் சான்றிதழ் தேர்வை எழுதினேன். தேற 720 வேண்டும், எனக்கு 758 வந்தது.

சப்நெட்டிங் பிடிபட்டது எங்கள் பெரிய வீட்டில்தான். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. எந்த அறை யாருக்கு என்று அப்பத்தா விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது. 192.168.10.0/24 என்ற வலையமைப்பு 256 முகவரி கொண்ட முழு வீடு. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடக் கூடப் பங்கு சிறிதாகும். /26 என்றால் அதையே நான்கு பங்காக்கி, பங்குக்கு 64. முதல் முகவரி அந்தப் பங்கைக் குறிக்கும், கடைசி முகவரி பங்கில் உள்ள எல்லோரையும் கூப்பிடும் பிராட்காஸ்ட். மிச்சம் 62தான் கருவிகளுக்கு. அப்புறம் தினமும் காலையில் வெறும் தாளில் பத்துக் கணக்கு போட்டேன்.

போர்ட் எண்கள் (எந்தச் சேவைக்கு எந்த வாசல் என்று காட்டும் எண்கள்) மட்டும் மனப்பாடம்தான்: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய எஸ்எஸ்எச் 22, தளப் பெயரை முகவரியாக்க டிஎன்எஸ் 53, பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு எச்டிடிபிஎஸ் 443.

நேரம் நெருக்கடிதான். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. செய்முறைக் கேள்விகள் எனக்கு முதலிலேயே வந்தன. குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பினேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் பாதிக் கேள்விகளைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

"தேதியைக் குறி தம்பி, படிப்பு தானா வரும்" என்ற தேவகோட்டை அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. என் கணக்கு நோட்டு இப்போது பள்ளத்தூர்த் தங்கை ஒருவரிடம் இருக்கிறது. திரும்பி வந்ததும் அடுத்துக் கேட்பவருக்குத் தருகிறேன்.